என் போன்ல எடுக்க என்ன இருக்கு?

கிருஷ்ணகிரியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இந்த வசனத்தைச் சொல்வார்கள். போன் சூடாகுது, நெட் மதியத்துக்குள்ளேயே தீர்ந்துடுது, விளம்பரம் தானா வந்து குதிக்குது என்று வாடிக்கையாளர்கள் கொண்டு வருவார்கள். எடுத்துப் பார்த்துவிட்டு, "தேவையில்லாத ஆப் ஒண்ணு உள்ளே உட்கார்ந்திருக்கு, இதை யாரோ வெளியில இருந்து ஓட்டிட்டு இருக்காங்க" என்று சொன்னால் சிரிப்பார்கள். "என் போன்ல எடுக்க என்ன தம்பி இருக்கு? அக்கவுண்ட்ல ரெண்டாயிரம்கூட இல்ல, எடுத்துட்டுப் போகட்டும் விடு."

கையில் பணம் இல்லாதவனுக்குத் திருட்டுப் பயம் இல்லை என்கிற கணக்கு வீட்டுக்குச் சரி, போனுக்குச் சரிவராது. போனைப் பிடிக்கிறவனுக்கு உங்கள் பணம் கிடைத்தால் லாபம், கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை, ஏனென்றால் போனே அவனுக்குச் சரக்கு. உங்கள் பெயரில் இருக்கும் நம்பர், தினமும் 100 இலவச எஸ்எம்எஸ், நெட்டில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் ஐபி முகவரி, ராத்திரி பகல் அணையாத ஒரு ப்ராசசர், எல்லாவற்றுக்கும் விலை உண்டு. இப்படிப் பிடித்த போன்களை ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் சேர்த்து ஒரே இடத்திலிருந்து கட்டளை போட்டு ஓட்டுவதைத்தான் பாட்நெட் என்கிறார்கள். உங்கள் டிராக்டரை ராத்திரியில் சத்தமில்லாமல் ஓட்டிப் போய் ஊரான் காட்டை உழுதுவிட்டு, விடிவதற்குள் அதே இடத்தில் நிறுத்திவிட்டால் உங்களுக்குத் தெரிவது டீசல் குறைந்தது மட்டும்தான். போனில் அந்த டீசல் என்பது பேட்டரியும் டேட்டாவும்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு நான் 2017 ஆகஸ்டில் நடந்ததைச் சொல்வேன். வயர்எக்ஸ் என்று ஒரு பாட்நெட். முழுக்க முழுக்க ஆண்ட்ராய்டு போன்களால் ஆனது. ரிங்டோன், வீடியோ பிளேயர், ஸ்டோரேஜ் மேனேஜர் என்று யாரும் சந்தேகப்படாத ஆப்களாகப் பிளே ஸ்டோரிலேயே இருந்தது. ஆப் சொன்ன வேலையையும் செய்யும், பின்னாலேயே கட்டளை வந்தால் குறிப்பிட்ட வெப்சைட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து திணறடிக்கவும் செய்யும். 100க்கும் மேற்பட்ட நாடுகளில் இருந்த பத்தாயிரக்கணக்கான போன்கள் அதில் இருந்தன. அகமாய், கிளவுட்ஃப்ளேர், கூகுள் போன்ற கம்பெனிகள் போட்டியை ஓரமாக வைத்துவிட்டுச் சேர்ந்து உட்கார்ந்து பிடித்தார்கள், கூகுள் கிட்டத்தட்ட 300 ஆப்களைத் தூக்கியது. அந்த ரிங்டோன் ஆப் வைத்திருந்தவர்களின் பணம் அதற்குக் குறியே இல்லை. போன் கொஞ்சம் சூடாகியிருக்கும், அவ்வளவுதான். கடைக்குக் கொண்டு போயிருந்தால் பேட்டரியை மாற்றிக் கொடுத்திருப்பார்கள்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். மாங்காய் சீசன் உச்சத்தில் இருந்தபோது காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு மண்டிக்காரர் வந்தார். அவருக்கு ஒரே ஒரு குறைதான்: எஸ்எம்எஸ் போக மாட்டேங்குது. பெங்களூரா மாங்காய் லோடு கூழ் ஃபேக்டரிக்குப் போகும்போது வண்டி நம்பரை எஸ்எம்எஸ்ஸில் அனுப்புவது அவர் வழக்கம், வாட்ஸ்அப்பில் போட்டால் அந்தப் பக்கத்து கேட்டில் இருப்பவர் பார்ப்பதில்லையாம். காலை பத்து மணிக்கே அன்றைய எஸ்எம்எஸ் தீர்ந்துவிட்டது என்று வருகிறது. சிம் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே போனை நீட்டினார். அதே நேரத்தில் அவருக்கு ஒரு கால் வந்தது, ஊத்தங்கரையிலிருந்து உறவுக்காரர், "என்ன மாமா, எனக்கு எதுக்கு ஃபைன் மெசேஜ் அனுப்பறீங்க?" என்று.

அந்தக் காலைக் கேட்டதும் எனக்கு முக்கால்வாசி புரிந்துவிட்டது. வாட்ஸ்அப்பைத் திறந்தால் வண்டிக்கு அபராதம், விவரம் பார்க்க இதை இன்ஸ்டால் செய்யவும் என்று ஒரு ஏபிகே ஃபைல், அதாவது பிளே ஸ்டோர் இல்லாமல் நேரடியாக ஆப்பைப் போடுகிற ஃபைல். இவர் வண்டிகள் ஹைவேயில் ஓடிக்கொண்டே இருப்பவை, ஃபைன் வந்தால் நம்பத்தானே செய்வார்? தொட்டிருக்கிறார், போட்டிருக்கிறார், கேட்ட அனுமதிக்கெல்லாம் சரி கொடுத்திருக்கிறார், ஒன்றும் திறக்கவில்லை, "வேலை செய்யல" என்று விட்டுவிட்டார். அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது. எஸ்எம்எஸ் படிக்கிறது, அனுப்புகிறது, காண்டாக்ட் லிஸ்ட்டை மேலே அனுப்புகிறது, மேலிருந்து வரும் லிஸ்ட்டுக்கு அடுத்த தூண்டிலை இவர் நம்பரிலிருந்து போடுகிறது. ஐரோப்பாவை 2020 கடைசியிலிருந்து ஆட்டிவைத்த ஃப்ளூபாட்டும் இதே வகைதான். அங்கே வண்டி ஃபைனுக்குப் பதில் "உங்கள் பார்சல் வருகிறது" என்ற எஸ்எம்எஸ். 2022 மே மாதம் நெதர்லாந்து போலீஸ் அதன் கட்டமைப்பை முடக்கியது, 11 நாடுகள் சேர்ந்து வேலை பார்த்ததாக ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோல் ஜூன் 1ஆம் தேதி அறிவித்தது. ஒரு எஸ்எம்எஸ் மோசடிக்கு 11 நாட்டுப் போலீஸ். அதிலிருந்தே ஒவ்வொரு போனும் எவ்வளவு உபயோகமான சரக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி எப்படி எடுப்பது என்று சொல்கிறேன், ஏனென்றால் நிறைய பேர் வரிசையை மாற்றிச் செய்துவிட்டு, போகவில்லை என்று வருகிறார்கள்.

முதலில் நெட்டை நிறுத்த வேண்டும். மொபைல் டேட்டா, வைஃபை இரண்டும். சிம்மையும் கழற்றி வைத்துவிடுவது நல்லது, ஏனென்றால் சில ஆப்களுக்குக் கட்டளை எஸ்எம்எஸ்ஸிலேயே வரும். அடுத்து சேஃப் மோடு. பவர் பட்டனை அழுத்தினால் வரும் ஆஃப் என்பதை விடாமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் கேட்கும். அதில் நாமாகப் போட்ட ஆப் எதுவும் ஓடாது. இதை ஏன் செய்ய வேண்டும் என்றால், இந்த வகை ஆப்கள் அக்சசிபிலிட்டி என்ற அனுமதியைப் பிடித்து வைத்திருக்கும். பார்வை குறைந்தவர்களுக்கு உதவுவதற்காக வைத்த வசதி அது, திரையில் இருப்பதைப் படிக்கவும் நமக்குப் பதிலாக அழுத்தவும் அதற்கு உரிமை உண்டு. நீங்கள் அன்இன்ஸ்டால் பக்கத்துக்குப் போனவுடனே அதுவே பேக் பட்டனை அழுத்திவிடும். மண்டிக்காரர் போனில் நான் பார்த்ததும் அதைத்தான், செட்டிங்ஸ் திறந்த வேகத்தில் மூடியது. அவர் "டச் போயிடுச்சு போல" என்றார்.

சேஃப் மோடில் போனதும் அக்சசிபிலிட்டியில் தெரியாத பெயர் இருந்தால் ஆஃப். போனையே நிர்வகிக்க உரிமை கொடுக்கும் டிவைஸ் அட்மின் பட்டியலில் இருந்தால் அங்கேயும் ஆஃப். டீஃபால்ட் எஸ்எம்எஸ் ஆப் எது என்று பாருங்கள், இந்த ஆப்களில் பல அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நோட்டிஃபிகேஷன் படிக்கும் அனுமதி, மற்ற ஆப்களின் மேல் தோன்றும் அனுமதி, இவற்றையும் பிடுங்க வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் அன்இன்ஸ்டால். ஐகான் தெரியாது, அதனால் செட்டிங்ஸில் முழு ஆப் பட்டியலையும் மேலிருந்து கீழே பார்க்க வேண்டும். பெயர் வெறுமையாகவோ, கூகுள் சர்வீஸ் மாதிரியோ, சிஸ்டம் அப்டேட் மாதிரியோ இருக்கும். அப்புறம் டவுன்லோட் ஃபோல்டரிலும் வாட்ஸ்அப் டாகுமென்ட்ஸ் ஃபோல்டரிலும் இருக்கிற ஏபிகே ஃபைலை அழிக்க வேண்டும், மெமரி கார்டு போட்டிருந்தால் அதிலும். இதை விட்டுவிட்டு ரீசெட் மட்டும் போட்டுக் கொடுத்தால் அடுத்த வாரம் வீட்டில் பேரன் மெமரி கார்டில் இருக்கும் அதே ஃபைலைத் தொடுவான். கடைக்குப் பழைய போன் திரும்பி வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

எடுத்த பிறகு செய்ய வேண்டியவற்றைத்தான் யாரும் செய்வதில்லை. *#21# டயல் செய்து கால் ஃபார்வர்ட் எங்காவது போகிறதா என்று பாருங்கள், போனால் ##002# அடித்தால் எல்லா ஃபார்வர்டும் நின்றுவிடும். ஓடிபியைப் போன் கால் வழியாக வாங்குவதற்காக இதை மாற்றி வைத்துவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் பாருங்கள், தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் வெளியேற்றுங்கள். பேங்க், ஜிமெயில் பாஸ்வேர்டை வேறொரு நல்ல போனிலிருந்து மாற்றுங்கள், அந்தப் போனிலிருந்தே மாற்றினால் புதிய பாஸ்வேர்டையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பணம் போயிருந்தால் என்னிடம் வருவதற்கு முன்னாலேயே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் அந்தப் பணம் அடுத்தடுத்த அக்கவுண்டுக்குப் போவதற்குள் நிறுத்த வழி இருக்கும்.

மண்டிக்காரருக்கு நல்ல வேளையாகப் பணம் போகவில்லை. ஆனால் அவர் நம்பரிலிருந்து போன செய்தியை நம்பி எத்தனை பேர் தொட்டார்கள் என்று அவருக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. நாலு ஊர் விவசாயி, டிரைவர், கூழ் ஃபேக்டரி சூப்பர்வைசர் என்று எல்லோரும் அவர் பெயரைப் பார்த்ததும் திறக்கிறவர்கள். அன்றைக்கு மதியம் முழுக்க என் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு, "நான் எதுவும் அனுப்பலைங்க, தொடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய நம்பருக்கு இருந்த அந்த மரியாதையைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இதற்கு அப்புறம் அவர் "என்ன இருக்கு எடுக்க" என்று கேட்டதில்லை.

ஃபைன் உண்மையா என்று பார்க்க ஆப் தேவையே இல்லை. அரசின் பரிவாகன் தளத்தின் இ-சலான் பக்கத்தில் வண்டி நம்பரையும் அது கேட்கிற மற்ற விவரங்களையும் போட்டால் காட்டும். அரசாங்கம் வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்பாது, பிஎம் கிசான் பெயரில் வந்தாலும் சரி, கல்யாணப் பத்திரிகை என்று வந்தாலும் சரி. பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும், இன்ஸ்டால் பண்ணிப் பார்க்கிற பத்திரிகை உலகத்தில் கிடையாது. எஸ்எம்எஸ் என்றால் அனுப்புநர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள், 2025 மே மாதத்திலிருந்து அரசுச் செய்திகளுக்குக் கடைசியில் ஜி என்ற ஆங்கில எழுத்து வருகிறது. பத்து இலக்க நம்பரிலிருந்து ஆர்டிஓ பேச மாட்டார்.

அடுத்தது பழைய போன்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிற பிள்ளைகள் புதுப் போன் வாங்கிக்கொண்டு பழையதை ஊரில் அப்பா அம்மாவுக்குக் கொடுப்பது வழக்கம். பாசம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் செட்டிங்ஸில் அபவுட் போன் போய் செக்யூரிட்டி பேட்ச், அதாவது கடைசியாகப் பாதுகாப்புத் திருத்தம் வந்த தேதி பார்த்தால் நாலு வருஷம், அஞ்சு வருஷம் பழசு. அது ஏன் முக்கியம் என்றால் 2019 ஜூலையில் செக் பாயின்ட் கம்பெனி வெளியிட்ட ஏஜென்ட் ஸ்மித் என்ற கெட்ட நிரலின் விவகாரத்தைப் பாருங்கள். இரண்டரைக் கோடி போன்கள், அதில் ஒன்றரைக் கோடி இந்தியாவில். 9ஆப்ஸ் என்ற வெளி ஸ்டோரிலிருந்து கேம், போட்டோ எடிட்டர் என்று போட்டவர்களின் போனில் உள்ளே போய், ஏற்கெனவே இருந்த வாட்ஸ்அப் மாதிரியான ஆப்களைத் தன் நகலாக மாற்றி வைத்தது. அனுமதி கேட்காமலே. அது பயன்படுத்திய ஓட்டைகளில் ஒன்றான ஜேனஸுக்கு 2017 டிசம்பரிலேயே கூகுள் திருத்தம் கொடுத்துவிட்டது. திருத்தம் வந்து ஒன்றரை வருஷம் கழித்தும் அந்தத் திருத்தம் போய்ச் சேராத போன்கள் அத்தனை இருந்தன, அதில் பெரும்பகுதி நம்ம நாட்டில். அந்த முறை அவன் செய்தது விளம்பரம் காட்டிக் காசு பார்த்தது மட்டும்தான். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை, அது நம் அதிர்ஷ்டம்.

அதனால் என் கடையில் பழைய போன் விற்கும்போது பேட்ச் தேதியைக் காட்டித்தான் விலை பேசுகிறேன். டிஸ்பிளேயில் கீறல் இருக்கிறதா என்று பத்து தடவை திருப்பிப் பார்க்கிறவர்கள் இந்தத் தேதியைக் கேட்பதே இல்லை. அப்டேட் வராத போனாக இருந்தால், அதில் பேங்க் ஆப் வேண்டாம், பேச, யூடியூப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன். ஜிபே வேண்டும் என்றால் குறைந்த விலையில் புதுப் போனே மேல்.

அப்புறம் பர்கூர் பக்கத்து ஒரு காலேஜ் பையன். அவன் போனில் பிரச்சினையே இல்லை, ஹவுஸ் ஓனர் அக்காவுக்குத்தான் பிரச்சினை. மாடியில் நாலு பசங்க ரூம் எடுத்திருக்கிறார்கள், வைஃபை ஹவுஸ் ஓனர் பெயரில். கொஞ்ச நாளாக அந்த வீட்டில் யார் கூகுளில் எதைத் தேடினாலும் "நீங்கள் ரோபோவா" என்று கேட்டு சிக்னல் கம்பத்தையும் பஸ்ஸையும் தொடச் சொல்கிறதாம். டிக்கெட் புக் பண்ண முடியவில்லை, ஏதோ ஒரு தளம் உங்கள் முகவரி தடுக்கப்பட்டிருக்கிறது என்கிறது. அந்த அக்கா, "என் போனை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க தம்பி" என்று கொண்டு வந்தார். அவர் போன் சுத்தமாக இருந்தது.

ஒரே வீட்டில் எல்லாப் போனிலும் இந்த ரோபோ கேள்வி வருகிறது என்றால் அந்த வீட்டு ஐபி முகவரியிலிருந்து யாரோ ஏதோ செய்துகொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். பசங்களைப் போனோடு வரச் சொன்னேன். ஒருத்தன் போனில் "உபயோகிக்காத நெட்டைப் பகிர்ந்து சம்பாதியுங்கள்" என்கிற வகை ஆப். அவனே தெரிந்து போட்டது. மாசம் நூறோ இருநூறோ வரும் என்றான். இது வைரஸ் இல்லை அண்ணா, கண்டிஷன்லயே போட்டிருக்கு என்று என்னிடம் வாதாடினான். அவன் சொன்னது சரிதான், கண்டிஷனில் போட்டிருக்கிறது. ஆனால் அந்த வைஃபை அவனுடையது இல்லையே. அந்தப் பக்கம் காசு கொடுத்து இந்த முகவரியை வாடகைக்கு எடுக்கிறவன் விலை ஒப்பிட்டுப் பார்க்கும் கம்பெனியாகவும் இருக்கலாம், திருடிய கார்டைப் போட்டுப் பார்ப்பவனாகவும் இருக்கலாம். விசாரணை வந்தால் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அந்த வாசலில்தான் முதலில் வந்து நிற்கும். 2024 மே மாதம் அமெரிக்காவில் முடக்கிய 911 எஸ்5 என்ற நெட்வொர்க் இதே வியாபாரத்தைத் திருட்டுத்தனமாகச் செய்தது. நம் முகவரியை மறைத்து நெட்டில் போக உதவும் இலவச விபிஎன் என்று கொடுத்து, விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் உட்கார்ந்து, ஒரு கோடியே 90 லட்சம் ஐபி முகவரிகளை வாடகைக்கு விட்டது. போனிலும் இலவச விபிஎன் போடுகிறவர்கள் இதை ஒரு தடவை யோசிக்க வேண்டும். சர்வர் செலவை யாரோ ஒருத்தர் கொடுக்கத்தானே வேண்டும்?

பையனை அந்த அக்கா திட்டவில்லை, "கேட்டிருந்தா நானே இருநூறு ரூபா குறைச்சிருப்பேனேடா" என்றார். அவன் தலையைச் சொறிந்துகொண்டே ஆப்பை எடுத்தான். சில நாளில் ரோபோ கேள்வி நின்றுவிட்டது.

என்னைக் கேட்டால் இப்போது போனைவிடப் பெரிய தலைவலி டிவிக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னக் கறுப்பு டப்பா. பாலக்கோட்டில் கேபிளும் ஃபைபர் இணைப்பும் கொடுக்கிற நண்பர் ஒருவர் கூப்பிட்டார். ஒரு தக்காளி வியாபாரி வீட்டில் அப்லோடு மட்டும் ராத்திரி இரண்டு மணிக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறதாம், வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள், சிசிடிவிகூடக் கிடையாது. அவர் மகன் ஆன்லைனில் குறைந்த விலைக்கு ஒரு ஆண்ட்ராய்டு பாக்ஸ் வாங்கியிருக்கிறான், எல்லாச் சேனலும் படமும் இலவசம் என்று. ரௌட்டரில் பார்த்தால் அந்த பாக்ஸ்தான். டிவியை ஆஃப் செய்தாலும் பாக்ஸ் ஆனில்தான் இருக்கும், யாரும் அதைக் கவனிப்பதில்லை.

இதற்குத் தனி வரலாறே இருக்கிறது. பேட்பாக்ஸ் என்று பெயர். ஹியூமன் செக்யூரிட்டி என்ற நிறுவனம் 2023இல் வெளியில் கொண்டுவந்தது. கெட்ட நிரல் கடையில் வரும்போதே உள்ளே இருக்கும், நாம் எதையும் தொட வேண்டியதில்லை. பிளக் போட்டால் போதும். ஜெர்மனியின் சைபர் பாதுகாப்பு அமைப்பான பிஎஸ்ஐ 2024 டிசம்பரில் 30,000 கருவிகளின் போக்குவரத்தைத் தன் பக்கம் திருப்பி, கட்டளை வரும் வழியை அறுத்தது. ஆனால் 2025 ஜூனில் எஃப்பிஐ மறுபடி எச்சரிக்கை விட வேண்டியிருந்தது, இந்த முறை டிவி பாக்ஸோடு ப்ரொஜெக்டர், டிஜிட்டல் போட்டோ ஃப்ரேம், காரில் மாட்டுகிற ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ எல்லாம் பட்டியலில். அடுத்த மாதமே கூகுள் வழக்குப் போட்டது, அங்கீகாரமில்லாத ஒரு கோடிக் கருவிகளுக்கு மேல் என்று சொல்லி. இதற்கிடையில் 2024 செப்டம்பரில் வோய்டு என்று இன்னொன்று, டாக்டர் வெப் கம்பெனி சொன்ன கணக்குப்படி 197 நாடுகளில் 13 லட்சம் டிவி பாக்ஸ்கள்.

வியாபாரியின் மகன் ஃபேக்டரி ரீசெட் போட்டுத் தரச் சொன்னான். ரீசெட் என்பது பாக்ஸை அது கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோவது. வரும்போதே கெட்டது உள்ளே இருந்தால் ரீசெட் அதையே சுத்தமாகத் திரும்ப வைக்கும். கருவிக்குள்ளேயே கம்பெனி பதித்து அனுப்பும் ஃபர்ம்வேரில் இருப்பதை எடுக்க நல்ல சாஃப்ட்வேர் கிடைத்தால் அடிக்கலாம், இந்தப் பெயரில்லாத பாக்ஸுக்கு அதை யார் கொடுப்பார்கள்? அதனால் நான் ரிப்பேருக்கே எடுக்கவில்லை, ஒயரைப் பிடுங்கச் சொன்னேன். "அப்பா சீரியல் பார்ப்பாரு அண்ணா" என்றான். நல்ல கம்பெனி ஸ்டிக் ஒன்று வாங்கிப் போட்டார்கள். அப்லோடு அன்று ராத்திரியே அடங்கிவிட்டது என்று கேபிள் நண்பர் சொன்னார்.

வாங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியது எளிதுதான். பிளே ஸ்டோர் இருக்கிறதா, அதன் செட்டிங்ஸில் அபவுட் என்ற இடத்தில் பிளே புரொடெக்ட் சர்டிஃபைடு என்று காட்டுகிறதா. முதல் தடவை ஆன் செய்யும்போதே பிளே புரொடெக்டை ஆஃப் செய்யச் சொன்னால் அங்கேயே பெட்டியில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எல்லாமே இலவசம் என்று விற்பதும் நல்ல அறிகுறி இல்லை. கார் ஸ்டீரியோவுக்கும் இதேதான், அதற்கு உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்து வைத்திருந்தால் டேட்டா எங்கே போகிறது என்று ஹாட்ஸ்பாட் கணக்கில் பாருங்கள்.

ரௌட்டரைப் பற்றி இரண்டு வார்த்தை. 2016இல் மிராய் என்ற பாட்நெட் வந்தபோது அது பிடித்ததெல்லாம் சிசிடிவி, அதன் பதிவைச் சேமிக்கும் டிவிஆர், ரௌட்டர் மாதிரிக் கருவிகள். பிடிக்க உபயோகித்த ஆயுதம் கம்பெனி போட்ட பாஸ்வேர்டு. யாருமே மாற்றாமல் விட்டிருந்தார்கள். அக்டோபர் 21ஆம் தேதி, வெப்சைட் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் டைன் (Dyn) என்ற கம்பெனியை அடித்ததில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்கவில்லை. அதை எழுதியவர்கள் காலேஜ் வயதுப் பசங்கள், மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர் நடத்துவதில் இருந்த போட்டியில் ஆரம்பித்தது. நம்ம மண்டிகளில் மாட்டியிருக்கிற டிவிஆர்களில் எத்தனைக்கு இன்னும் அட்மின் என்பதே பாஸ்வேர்டு என்று எண்ணிப் பார்க்க எனக்கு தைரியம் இல்லை. கேபிள்காரர் ரௌட்டர் மாட்டிவிட்டுப் போகும்போதே அட்மின் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள், வெப்சைட் பெயருக்கு முகவரி தேடும் டிஎன்எஸ் இடத்தில் 9.9.9.9 போடச் சொல்லுங்கள். அது குவாட்9 என்ற இலவச சேவை, தெரிந்த கெட்ட முகவரிகளைத் திறக்க விடாது. பாட்நெட் ஆப் தன் முதலாளியைக் கூப்பிட ஏதாவது ஒரு முகவரியைத் தேடத்தானே வேண்டும், அந்தத் தேடலிலேயே பாதி அடிபட்டுப் போகும். எல்லாம் நின்றுவிடாது, சில ஆப்கள் டெலிகிராம் வழியாகவே பேசுகின்றன, அதை டிஎன்எஸ்ஸில் தடுக்க முடியாது.

அரசாங்கமே இதற்கு ஒரு மையம் வைத்திருக்கிறது என்பது நிறைய பேருக்குத் தெரியாது. சைபர் ஸ்வச்சதா கேந்திரா, சுருக்கமாக சிஎஸ்கே. கிரிக்கெட் இல்லை. பாட்நெட்டைச் சுத்தம் செய்வதற்கென்றே மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017 பிப்ரவரியில் ஆரம்பித்தது. "உங்கள் கருவியை பாட்நெட்டிலிருந்து காக்க இலவசக் கருவி" என்று தொலைத்தொடர்புத் துறையிலிருந்து (டிஓடி) எஸ்எம்எஸ் வந்திருக்கும், அதைப் பொய் என்று அழித்தவர்கள் அநேகம். அவர்கள் தளத்தில் ஆண்ட்ராய்டுக்கு இஸ்கேன் கருவியும், அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் ஹைதராபாத் செய்த எம்-கவச் 2 என்ற ஆப்பும் இருக்கின்றன, மறைந்திருக்கும் ஆப், தவறாக வைத்த செட்டிங் எல்லாம் காட்டும். எஸ்எம்எஸ்ஸில் வரும் லிங்கைத் தொடாமல் நீங்களே பிளே ஸ்டோரில் தேடிப் போடுங்கள், அதுதான் பழக்கமாக வேண்டும். ஸ்கேனர் ஒன்றும் மந்திரம் கிடையாது. புதிதாக வந்த ஏபிகேயை அது பிடிக்காமல் விட்டதும் உண்டு. நான் ஸ்கேன் போட்டுவிட்டு அதன் பிறகும் அக்சசிபிலிட்டி பட்டியலைக் கண்ணால் பார்க்காமல் போனைத் திருப்பிக் கொடுப்பதில்லை.

புதுப் போன்களில் இன்னொரு நல்ல விஷயம் வந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு 13லிருந்து வெளியிலிருந்து போட்ட ஆப்புக்கு அக்சசிபிலிட்டி கொடுக்கப் போனால் ரெஸ்ட்ரிக்டட் செட்டிங் என்று தடுக்கிறது. அதனால் இப்போது மோசடிக்காரன் போன் செய்து, "சார், மூணு புள்ளியைத் தொடுங்க, அலோ கொடுங்க" என்று பொறுமையாகச் சொல்லித் தருகிறான். வீட்டுப் பெரியவர்களிடம் இந்த ஒன்றை மட்டும் சொல்லி வையுங்கள்: போன் தடுக்கும் ஒன்றைத் திறக்கச் சொல்லி லைனில் ஒருத்தன் வழிகாட்டினால் கட் பண்ணிவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள் என்று.

கடைசியாக, ஓசூரிலிருந்து வருகிற பசங்க கேட்பது, ஐபோன் வாங்கிட்டா முடிஞ்சுதா அண்ணா என்று. நிறைய முடிந்துவிடும், உண்மைதான், வெளியிலிருந்து ஏபிகே போடுகிற கதையே அதில் இல்லை. 2009 நவம்பரில் ஐபோனிலேயே ஒரு பாட்நெட் வந்தது, ஆனால் அது பிடித்தது ஆப்பிள் போட்ட பூட்டை உடைத்து (ஜெயில்பிரேக் செய்து), வெளியிலிருந்து போனுக்குள் நுழைய வழி தரும் எஸ்எஸ்எச் போட்டு, ஆல்பைன் என்ற ஆரம்பப் பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டவர்களை மட்டும். ஆகவே வாங்குங்கள், ஜெயில்பிரேக் செய்யாதீர்கள். அப்படியே கையில் இருக்கும் பழைய ஆண்ட்ராய்டை ஊருக்குக் கொடுத்து அனுப்பும் முன்னால் ரீசெட் போட்டு, மெமரி கார்டைக் கழற்றி, வாட்ஸ்அப்புக்கும் க்ரோமுக்கும் ஃபைல் மேனேஜருக்கும் தனித்தனியாக இருக்கிற அன்நோன் ஆப் இன்ஸ்டால் அனுமதியை ஆஃப் செய்து, பிளே புரொடெக்டை ஆனில் வைத்துக் கொடுங்கள். கடைக்குக் கொண்டு வந்தால் நான் செய்து தருகிறேன், இதற்குக் காசு வாங்குவதில்லை. டெம்பர் கிளாஸுக்கு வாங்குவேன்.